கிறிஸ்தவரிடையே நூல், திரைப்படப் பரிந்துரை

தமக்குப் பயன்பட்ட நூலையோ படத்தையோ கிறிஸ்தவர்கள் சக விசுவாசிகளுக்கு எடுத்துச் சொல்வதும், சபைகள் அத்தகையவற்றைப் பட்டியலிட்டு அறிவிப்பதும் திருச்சபையின் தொடக்க நூற்றாண்டுகள் முதல் இருந்துவரும் வழக்கம். ஒருவர் மற்றொருவரின் கையில் நூலைக் கொடுப்பது இதன் ஒரு வகை. படிக்கவும் பார்க்கவும் தக்கவை எவை என அதிகாரமுள்ள அமைப்பு வரையறுப்பது மற்றொரு வகை. ஆவணங்களில் மிகுதியாகப் பதிவானது இரண்டாவது வகை என்றாலும், வாழ்க்கைகளை மாற்றியதில் முதல் வகையே முன்நிற்கிறது.

இதற்குப் பழைய சான்று புனித அகுஸ்தினாரின் தன்வரலாறு. 386இல் மிலான் நகரில் அவர் வீட்டுக்கு வந்த பொந்திசியானுஸ் என்ற அரசு அலுவலர், மேசைமேல் பவுலின் நிருபங்களைக் கண்டு மகிழ்ந்து, எகிப்தின் வனத்து அந்தோணியாரைப் பற்றிப் பேசத் தொடங்கினார். திரியர் நகரில் தம் சக அலுவலர் இருவர் ஒரு குடிசையில் அந்தோணியாரின் வரலாற்றைத் தற்செயலாகக் கண்டெடுத்துப் படித்து, அங்கேயே பதவியைத் துறந்ததையும் சொன்னார். அகுஸ்தினாரின் மனமாற்றம் அந்த உரையாடலைத் தொடர்ந்தே நிகழ்ந்தது.

துறவு மடங்கள் இவ்வழக்கத்துக்கு ஒழுங்கு தந்தன. 6ஆம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய மடத்து விதிகளின்படி, தவக்காலத்தின் தொடக்கத்தில் ஒவ்வொரு துறவிக்கும் ஒரு நூல் தரப்பட வேண்டும். அவர் அதை முதலிலிருந்து கடைசிவரை வரிசையாகப் படிக்க வேண்டும். விதிகளின் இறுதி அதிகாரம் மேலும் படிக்கத்தக்கவையாகக் காசியனின் நூல்களையும் புனித பசிலியாரின் விதிகளையும் குறிப்பிடுகிறது.

கைமாறும் நூல்களின் பாதையை இங்கிலாந்தின் சீர்திருத்தச் சபையாரிடையே ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குத் தொடர்ந்து காண முடிகிறது. பின்னாளில் போதகரான ரிச்சர்ட் பாக்ஸ்டர் சிறுவனாக இருந்தபோது, ஊரிலிருந்த ஏழைக் கூலித் தொழிலாளி ஒருவர் அவர் தந்தைக்குக் கிழிந்த பழைய நூல் ஒன்றை இரவல் கொடுத்தார். அதன் மூலநூல் ஓர் இயேசு சபைக் குரு எழுதியது. எட்மண்ட் பன்னி என்பவர் அதைச் சீர்திருத்தச் சபையாருக்கு ஏற்பத் திருத்தியிருந்தார். ஒரு சபையின் நூல் எதிர்ச்சபையின் வீட்டுக்குள் இவ்வாறு நுழைந்தது. பிறகு வாசலுக்கு வந்த ஏழை வியாபாரி ஒருவரிடம் தந்தை வாங்கிய ரிச்சர்ட் சிப்ஸின் ‘நெரிந்த நாணல்’ (1630) பாக்ஸ்டரின் விசுவாசத்தை உறுதிப்படுத்தியது. பாக்ஸ்டரின் எழுத்துகளை ஆழ்ந்து படித்தவர் போதகர் பிலிப் டாட்ரிட்ஜ். பாடலாசிரியர் ஐசக் வாட்ஸ் வற்புறுத்தியதால் அவர் ஆன்மாவில் பக்தி தோன்றி வளர்வதைப் பற்றி எழுதிய நூல் 1745இல் வெளிவந்தது. 1784இல் தொடங்கிய ஐரோப்பியப் பயணத்தின்போது வில்லியம் வில்பர்போர்சின் கண்ணில் அந்நூல் பட்டது. அது எப்படிப்பட்டது என்று அவர் கேட்க, உடன் வந்த ஐசக் மில்னர் மிகச் சிறந்த நூல்களில் ஒன்று எனப் பாராட்டினார். ஊர் திரும்பும் வழியில் இருவரும் சேர்ந்தே அதைப் படித்தனர். பின்னாளில் பிரித்தானிய அடிமை வணிக ஒழிப்புக்குப் போராடிய வில்பர்போர்ஸ் 1797இல் எழுதிய நூல், ஸ்காத்லாந்துப் போதகர் தாமஸ் சால்மர்ஸை மாற்றியது. இத்தொடரில் எங்கும் பட்டியல் இல்லை. இருப்பவர்கள் ஒரு கூலித் தொழிலாளி, ஒரு வியாபாரி, ஒரு நண்பர்.

பட்டியல் வழியாகவும் நற்பணி நடந்ததுண்டு. ஜான் வெஸ்லி 1749 முதல் 1755 வரை 50 தொகுதிகளாக வெளியிட்ட ‘கிறிஸ்தவ நூலகம்’, கத்தோலிக்கரான பாஸ்கலையும் சேர்த்துக்கொண்டு எளிய போதகர்களுக்கு வாசிப்பு வாயிலைத் திறந்தது. இதற்கு எதிர்முனையில் நின்றது 1559இல் திருத்தந்தை நான்காம் பவுல் வெளியிட்ட விலக்கப்பட்ட நூல்களின் பட்டியல். விக்டர் ஹியூகோவின் ‘ஏழை படும் பாடு’கூட ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு அதில் இருந்தது. 1966இல் அப்பட்டியல் செல்லுபடி இழந்தது.

20ஆம் நூற்றாண்டில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் பரிந்துரைக்குப் புதியதோர் அளவுகோல் தந்தார். 1944இல் பண்டைய திருச்சபைத் தந்தை அத்தனாசியாரின் நூலின் ஆங்கிலப் பெயர்ப்புக்கு எழுதிய முன்னுரையில், ஒரு புதிய நூலைப் படித்தபின் ஒரு பழைய நூலைப் படிக்காமல் அடுத்த புதியதற்குச் செல்லலாகாது என்றார். இயலாதவர்கள் மூன்று புதியவற்றுக்கு ஒரு பழையதையாவது படிக்கட்டும் என்று சலுகையும் கொடுத்தார். ஒவ்வொரு காலத்துக்கும் அதற்கே உரிய குருட்டுப் புள்ளிகள் உண்டு என்பது அவர் காட்டிய காரணம்.

திரைப்படத்தை ஐயத்தோடுதான் சபைகள் முதலில் அணுகின. அமெரிக்கக் கத்தோலிக்கர் 1930களில் அமைத்த ஒழுக்க அணி, படங்களைத் தரம் பிரித்துச் சிலவற்றைக் கண்டனத்துக்குரியவை என முத்திரையிட்டது. அவற்றைப் பார்ப்பதில்லை என்று மக்கள் ஆலயத்தில் உறுதிமொழி எடுத்தனர். 1936இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் திரைப்படம் பற்றிய சுற்றுமடலில் இம்முயற்சியைப் பாராட்டினார். நல்லதை முன்னிறுத்தும் போக்கு ஐரோப்பாவில் வலுத்தது. 1928இல் தோன்றிய அனைத்துலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு, மார்க்சியரான பசோலினி இயக்கிய ‘மத்தேயு நற்செய்தி’ படத்துக்கு 1964இல் வெனிஸ் விழாவில் விருது வழங்கியது. இயக்குநரின் கொள்கையைவிடப் படைப்பின் உண்மையைப் பெரிதாகக் கொண்ட முடிவு அது. கான் திரைப்பட விழாவில் 1974 முதல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இணைந்த நடுவர் குழு பரிசளித்துவருகிறது.

திரைப்படத்தின் நூற்றாண்டை ஒட்டி 1995இல் வத்திக்கான் 45 படங்களைச் சமயம், விழுமியம், கலை என மூன்று பிரிவுகளில் அறிவித்தது. டிரையரின் ‘ஜோன் ஆப் ஆர்க்கின் பாடுகள்’, தார்க்கோவ்ஸ்கியின் ‘ஆந்த்ரேய் ருப்லேவ்’ ஆகியவற்றோடு ‘காந்தி’யும் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’யும் அதில் உண்டு. பட்டியலில் இடம்பெற்ற டேனிஷ் படமான ‘பாபெட்டின் விருந்’தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் குடும்ப அன்பு பற்றிய தம் மடலில் எடுத்துக்காட்டினார். அமெரிக்க இவாஞ்சலிக்கல் விமர்சனங்கள் வேறு வழியில் செல்கின்றன: வன்முறை, தகாத சொல், பாலியல் காட்சி ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் குறித்துப் பெற்றோரை எச்சரிப்பது அவற்றின் முறை. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இது உதவும். ஆனால் படம் மொத்தமாக எதைச் சொல்கிறது என்பதை இந்த முறை எளிதில் தவறவிடும்.

தமிழ்க் கிறிஸ்தவரிடையே எந்த நூலை மொழிபெயர்ப்பது என்ற தேர்வே பரிந்துரையாக அமைந்தது. ஜான் பனியனின் ‘மோட்ச பிரயாணம்’ பரவலாகப் படிக்கப்பட்டது. அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தபின், கதை காப்பியமாகவும் கைமாறியது. தமிழ் இயக்குநர் ஏ. பீம்சிங் இயக்கிய ‘கருணாமயுடு’ என்ற தெலுங்குப் படம் (1978) பல இந்திய மொழிகளில் ஒலிமாற்றம் செய்யப்பட்டு, ஊழியர்கள் கொண்டுசென்ற திரைகளில் ஊர் ஊராகக் காட்டப்பட்டது. 1979இல் வெளிவந்த ‘இயேசு’ என்ற அமெரிக்கப் படமும் இவ்வாறே கிராமங்களைச் சென்றடைந்தது.