காளைச் சண்டைக்குச் சாட்சி யார்? ஹங்கேரியத் தால்தோஷ் கதைகளும் ஷாமன் கருதுகோளும்

ஹங்கேரியின் பெருஞ்சமவெளியில் மாடு மேய்த்தவர்களிடம் இருபதாம் நூற்றாண்டிலும் வழங்கிவந்த கதை இது. ஊர்பேர் தெரியாத ஒருவன் மந்தைக்கு வந்து வேலைக்குச் சேர்கிறான். ஒருநாள் உடன் மேய்ப்பவனிடம், இன்று கருமேகம் திரளும், அதோடு ஓர் அயல் காளை வரும், நானும் காளையாகி அதனோடு பொருத வேண்டும், நான் தளர்ந்தால் உன் தடியால் அதன் குளம்பில் அடி என்று சொல்லி வைக்கிறான். சொன்னபடியே இடி முழங்குகிறது, இரு காளைகள் முட்டி மோதுகின்றன, தடி விழுகிறது, வந்த காளை தோற்று ஓடுகிறது. இவன் மனித உருவுக்குத் திரும்பி நன்றி சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். இவனைத் தால்தோஷ் என்பார்கள். பல்லோடு பிறந்தவன், அல்லது ஆறு விரல் உள்ளவன். வீடு வீடாகப் பாலும் முட்டையும் கேட்பவன். மறுத்தால் புயலைக் கொண்டுவருபவன். சில ஊர்க் கதைகளில் காளைக்குப் பதில் பொலிகுதிரைகள் மோதும். சிலவற்றில் சிவப்பும் நீலமுமாக எரியும் சக்கரங்கள்.

இது கூடுவிட்டுக் கூடு பாய்தல் அன்று. உயிர் ஓரிடமும் உடல் ஓரிடமுமாகப் பிரிவதில்லை. மேய்ப்பனின் கண்ணெதிரே ஆளே காளையாகிறான். இந்த வேறுபாட்டை ஆய்வாளர்கள் போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பதே என் குறை.

தால்தோஷைப் பழைய ஹங்கேரியரின் பூசாரியாகக் கண்ட அர்னோல்ட் இபோயியின் ‘ஹங்கேரியப் புராணவியல்’ 1854இல் வெளிவந்தது. 1848-49 ஹங்கேரியப் புரட்சி நசுக்கப்பட்டு ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. தனக்கென ஒரு தொன்மம் வேண்டும் என்ற தவிப்பு அந்தச் சமூகத்தில் இருந்தது. அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. நூறாண்டுக்குப் பின் வில்மோஷ் தியோசெகி, தால்தோஷ் யார் என்ற அதே கேள்வியைக் கறாரான முறையியலோடு அணுகினார். தென் சைபீரியாவில் களப்பணி செய்தவர். ஹங்கேரிய நாட்டார் பண்பாட்டில் ஷாமன், அதாவது ஆவிகளோடு தொடர்புகொள்ளும் சடங்குக்காரர், பற்றிய நம்பிக்கையின் எச்சங்களைக் குறித்த அவரது பெருநூல் 1958இல் வந்தது. அவரது அளவுகோல் எளிது: அண்டை மக்களிடம் காணப்படும் கூறுகளை முதலில் விலக்கு, எஞ்சியவை சைபீரியாவிலும் உறவுடைய மக்களிடமும் இருந்தால், அவை ஹங்கேரியர் கார்பாத்தியப் படுகைக்குள் நுழையும் முன்பே பெற்றவை. யாகூத்திய, சமோயெதிய ஷாமன்கள் காளையாகவோ கலைமானாகவோ மாறிப் போரிடும் வழக்கைக் காட்டி, தால்தோஷின் காளைச் சண்டையும் கிழக்கிலிருந்து வந்ததே என்றார்.

அவர் வகுத்த அளவுகோலாலேயே அளந்தால் இந்த முடிவு நிற்பதில்லை. ஸ்லொவீனியாவிலும் இஸ்த்ரியாவிலும் க்ரெஸ்னிக் என்றொருவர் உண்டு. அவரும் பிறக்கும்போதே அடையாளம் பெற்றவர். சவ்வு போர்த்தபடி பிறப்பவர். எருதாகவும் வேறு விலங்காகவும் மாறி எதிரிகளோடு மோதுபவர். தெற்கே மொந்தெநேக்ரோவில் ஸ்துஹாச் தன் நாட்டு விளைச்சலுக்காகப் புயலில் போரிடுபவர். வரலாற்றாசிரியர் கார்லோ கின்ஸ்பர்க் 1966இல் எழுதிக் காட்டிய, வடகிழக்கு இத்தாலியிலுள்ள ஃப்ரியூலியின் பெனந்தந்திகள் விலங்குருவில் அல்லாமல் பெருஞ்சீரகத் தண்டேந்திச் சண்டையிட்டவர்கள். ஆனால் சண்டை விளைச்சலுக்காகத்தான். அட்ரியாட்டிக் கரைவரை பரவிய இந்தத் தொடரை முழுவதும் ஹங்கேரியரிடமிருந்து கடன் வாங்கியது என்று சொல்ல ஆதாரமில்லை. தால்தோஷின் வானிலைப் போரை ஹங்கேரிய ஆய்வாளர் ஏவா போச் நடு, தென்கிழக்கு ஐரோப்பிய மந்திரவாதிகளின் வரிசையில் வைத்து வாசித்தது இந்த வகையில் சரியான திருத்தம். காளை வளர்க்கும் மக்கள் வலிமையைக் காளையாக எண்ணுவதற்கு ஒரே மூதாதையர் தேவையில்லை.

ஆனால் மூலம் கிழக்கா தெற்கா என்பதோடு வழக்கு முடியவில்லை. இந்தக் கதையைச் சொல்வது யார் என்ற கேள்வி எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. சைபீரியச் சடங்கில் ஷாமனே பாடுகிறார், முரசறைகிறார், தன் பயணத்தைத் தன் வாயால் விவரிக்கிறார். ஹங்கேரியக் கதையைச் சொல்பவர் தால்தோஷ் அல்லர். பார்த்தவர், அல்லது பார்த்தவரிடம் கேட்டவர். அதில் சடங்கு இல்லை, நோயாளி இல்லை, கூடியிருக்கும் கூட்டம் இல்லை. நாயகன் பெரும்பாலும் வெளியூரான். ஹங்கேரியில் முரசைக் காணாத ஆய்வாளர்கள், குறி பார்க்கப் பயன்பட்ட சல்லடையை முரசின் மிச்சம் என்று கொண்டார்கள். சல்லடையால் குறி பார்ப்பது ஐரோப்பா முழுவதும் தெரிந்த வழக்கம்.

தால்தோஷின் குரல் நேரடியாக நமக்குக் கிடைக்கும் இடம் ஒன்று உண்டு: சூனிய விசாரணை ஆவணங்கள். 1725இல் தெப்ரெட்ஸென் நகரில் விசாரிக்கப்பட்ட ஒரு பெண், தால்தோஷைத் தாயின் கருவிலேயே கடவுள் உருவாக்குகிறார் என்றும், தாங்கள் வானில் நாட்டுக்காகப் போரிடுவதாகவும் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. உயிர் போகும் நிலையில், தான் சூனியக்காரி அல்ல, கடவுளின் படைப்பு என்று நீதிமன்றத்தின் முன் நின்று சொன்ன வாதம் அது. எந்தப் புராணவியல் நூலும் அதற்கு ஈடாகாது என்று நினைக்கிறேன். விசாரிக்கப்பட்ட தால்தோஷ்களில் பலர் பெண்கள். நோய் தீர்த்தவர்கள், புதையல் இருக்கும் இடம் சொன்னவர்கள். மேய்ப்பர் கதையிலோ வருபவன் பெரும்பாலும் ஆண். விசாரணைகளை மரியா தெரேசா அரசி பதினெட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் அடக்கினார். கதைகளில் பெரும்பகுதி அதற்குப் பிறகு சேகரிக்கப்பட்டது. குறி சொன்ன பெண்ணையும் காளையான ஆணையும் சைபீரிய ஷாமனையும் அடுக்கி ஒரே ஆளாக ஆக்கும்போது, அந்த மூன்று குரல்களில் எதுவும் கேட்காமல் போகிறது.

தியோசெகி திரட்டியதை எல்லாம் தள்ளிவிட முடியாது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தை நாள் கணக்கில் உறங்குவதும், பிற தால்தோஷ்கள் அதன் உடலைக் கூறுபோட்டு, கூடுதல் எலும்பு உண்டா என்று எண்ணிப் பார்ப்பதும் சைபீரிய வழக்கோடு வியப்பூட்டும் நெருக்கம் கொண்டவை. தற்செயல் என்று சொல்லி அவற்றைக் கடந்துபோக நான் தயாரில்லை. ஆனால் பிறப்பும் தேர்வும் பற்றிய இந்தக் கொத்து பழையது என்பதால், உருமாற்றமும் பழையதாகிவிடாது. கதையின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு வயது இருக்கலாம்.

காளைப் பகுதியின் வயதைத் தேட வேண்டிய இடம் ஹோர்தோபாஜ் போன்ற மேய்ச்சல் வெளிகள். நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகள் பெருமந்தையாகத் திறந்த வெளியில் நின்றன. ஆலங்கட்டி மழையோ இடியோ வந்தால் ஒதுங்க இடமில்லை. மிரண்டு ஓடும் மந்தையைத் திருப்பக் கூலி மேய்ப்பனிடம் இருந்தது ஒரு தடி. கதையில் போரை முடித்துவைப்பதும் அதே தடி. பல்லோடு பிறந்தவன், கூடுதல் எலும்புள்ளவன், மேகத்தோடு பேசுபவன் தனியாக வெல்ல முடியாமல் மேய்ப்பனிடம் உதவி கேட்கிறான். ஷாமனின் ஆற்றலைப் பறைசாற்றுவதற்கான கதையாக இருந்தால் இந்த வேண்டுகோளுக்கு அதில் இடமே இருந்திருக்காது. மேய்ப்பன் தன் வேலையை, தன் கருவியை, புயலின் நடுவே தான் காட்டிய துணிவைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை என்று வாசித்தால் அது தவிர்க்க முடியாததாகிறது. எனவே இனி தொகுப்புகளைப் படிப்பவர்கள் நாயகனின் பிறப்பு அடையாளங்களோடு நின்றுவிடாமல், கதைசொல்லி என்ன தொழில் செய்தார், யாரிடம் கூலிக்கு நின்றார், எந்தப் பருவத்தில் கதை சொல்லப்பட்டது என்பதையும் குறித்து, வட்டாரம் வட்டாரமாக ஒப்பிட வேண்டும். காளை வரும் ஊர்களும் எரிசக்கரம் வரும் ஊர்களும் எந்தத் தொழிலால் பிரிகின்றன என்பதிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.