வெற்றுறை கூறும் சாட்சி

துப்பாக்கியின் வரலாற்றை எழுதியோர் பலரும், குண்டு எத்துணைத் தொலைவு சென்றது, எத்துணை விரைவாகச் சென்றது என்பனவற்றையே பெரிதும் பேசினர். குண்டு சென்ற பின்னர்க் குழலுக்குள் எஞ்சி நிற்கும் வெற்றுறையைப் பற்றிப் பேசியோர் சிலரே. ஆயினும் அவ்வுறை வெளிவராவிடின் அடுத்த தோட்டா உள்ளே புக இயலாது. எவ்வளவு சிறந்த துப்பாக்கியும் அக்கணமே இரும்புத் தடியாகிவிடும். உறையை வெளிக்கொணரும் வழி வளர்ந்த வரலாறு, பழுதின் மூலம் எங்கே என்று தேடும் அறிவு வளர்ந்த வரலாறுமாகும். அதனை, இலக்குப் போட்டிகளில் வழங்கும் சிறு தோட்டாவை முன்னிறுத்திக் காண்போம்.

குழலின் வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கெட்டித்த காலத்தில் இச்சிக்கல் எழவில்லை. உறை என்ற ஒன்றே உலோகத்தால் ஆகியிருக்கவில்லை. 1845ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்துத் துப்பாக்கி வினைஞர் லூயி நிக்கோலா ஃப்ளோபேர், வெடிமூடியின் அடியில் விளிம்பு அமைத்து, அதன் வாயில் சிறு குண்டைப் பொருத்தினார். வீட்டுக்கூடத்தில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டிற்கென எழுந்தது அது. 1857இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனத்தார் உறையைச் சற்றே நீட்டி, அதனுள் கரிமருந்தும் இட்டு, 0.22 அங்குலத் தோட்டாவை வெளியிட்டனர். தோட்டாவின் விளிம்பு உள்ளே குடைவாக இருக்கும். அக்குடைவில் தீப்பற்றும் கலவை பரவியிருக்கும். துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கியதும் கலவை வெடித்து மருந்தைப் பற்றவைக்கும். ஊசிக்கு நசுங்க வேண்டுமாதலின் உறை மெல்லியதாகவே இருத்தல் வேண்டும். அம்மென்மையே அதன் சிறப்பு. அதுவே அதன் குறையுமாகும்.

வெடித்த கணத்தில் உறை விரிந்து, தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அதனால் வாயு பின்னோக்கிக் கசிவதில்லை. அழுத்தம் தணிந்ததும் உறை சிறிது சுருங்க, விளிம்பைப் பற்றியிருக்கும் கொக்கி அதனை இழுத்து வெளிக்கொணர்கிறது. ஆகவே, உறை நன்கு சுருங்க வேண்டும், அறை வழவழப்பாக இருக்க வேண்டும், கொக்கி உறுதியாகப் பற்ற வேண்டும். இம்மூன்றில் எது தவறினும் உறை சிக்கும். ஆனால் கண்ணுக்கு எளிதில் தெரிவது கொக்கி ஒன்றே; பழியும் பெரும்பாலும் அதற்கே சேர்ந்தது.

பழி சுமத்துவது எத்துணை எளிது என்பதற்கு 1876ஆம் ஆண்டு சூன் 25ஆம் நாள் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் நிகழ்ந்த போர் ஒரு சான்று. லக்கோட்டா, செயன் மக்களை எதிர்த்துச் சென்ற கஸ்டரும், அவரோடு நின்ற படைப்பிரிவினரும் அங்கே மாண்டனர். அவர்களுடைய ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிகளின் தோட்டா விளிம்பில் வெடிப்பதன்று. எனினும் உறை செம்பால் ஆனது. செம்பு பித்தளையைப் போல் மீண்டு சுருங்குவதில்லை. தோல் பையிலிருந்தால் களிம்பும் ஏறும். சிக்கிய உறைகளை வீரர்கள் கத்தியால் நெம்பினர் என்றும், தோல்விக்கு அதுவே காரணம் என்றும் பலர் எழுதினர். 1983இல் அப்புல்வெளி தீயில் எரிந்தபின், 1984லிலும் 1985லிலும் அகழ்வாய்வாளர் அங்கு கிடந்த உறைகளைத் திரட்டி ஆய்ந்தனர். நெம்பிய தழும்புடையவை சிறு பகுதியே. பழுது மெய், ஆனால் தோல்வி முழுமைக்கும் அது காரணமன்று என்று உறைகளே சாட்சி கூறின.

1885ஆம் ஆண்டு சனவரியில் சூடான் நாட்டு அபு கிளேயாவில் ஆங்கிலேயரின் மார்ட்டினி-ஹென்றித் துப்பாக்கிகளும் இவ்வாறே சிக்கின. மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு இணைத்துச் செய்த உறை அது. வட்டு கொக்கியோடு வர, உடல் உள்ளேயே தங்கியதுண்டு. பின்னர் நெம்புகோலை நீட்டினர். முழுத் தகட்டிலிருந்து இழுத்துச் செய்த உறையும் வழக்கிற்கு வந்தது. வலுவாக இழுப்பது ஒரு வழி. இழுக்க எளிதான உறையைச் செய்வது மற்றொரு வழி. பின்னதே நிலைத்தது.

இதே மார்ட்டினிப் பொறியே சிறு வடிவில் இலக்குத் துப்பாக்கியாயிற்று. 1887இல் அமெரிக்க ஸ்டீவன்ஸ் நிறுவனம் 0.22 அங்குல 'லாங் ரைஃபிள்' தோட்டாவை உருவாக்கியிருந்தது. போயர் போரில் தம் வீரர்களின் குறி தவறுவதைக் கண்ட ஆங்கிலேயர், 1901 முதல் ஊர்தோறும் சிறு துப்பாக்கிக் கழகங்கள் அமைத்தனர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் இத்துப்பாக்கிக்கும் இடம் கிடைத்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நம் நாட்டு ஸ்வப்னில் குசாளே வெண்கலம் வென்ற 50 மீட்டர்ப் போட்டியும் இத்தோட்டாவிற்குரியதே. அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். உறை சிக்கினால், குறித்த நேரத்துக்குள் சுட வேண்டிய வீரர் துப்பாக்கியைத் தோளினின்று எடுக்க நேரும். அரிதில் அமைத்த உடல்நிலை குலையும்.

கழகத் துப்பாக்கிகளில் உறை சிக்கியதன் மூலம் நெடுங்காலம் உப்பாக இருந்தது. பழைய தீக்கலவையில் இருந்த பொட்டாசியம் குளோரேட்டு, வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக அறையில் படியும். அவ்வுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பைத் துருவேற்றும். துரு அரித்த குழிகளில் விரிந்த உறை சிக்கிக்கொள்ளும். கொக்கியை எத்தனை முறை மாற்றினும் பயனில்லை. 1920களில் துருவேற்றாத கலவை வந்தபின்னரே இவ்வின்னல் ஓய்ந்தது.

உப்பு ஓய்ந்தபின்னும் வேறு காரணங்கள் இருந்தன. குறுந்தோட்டாக்களை நெடுந்தோட்டாவுக்குரிய அறையில் மிகுதியாகச் சுட்டால், குறுகிய உறையின் வாய்க்கு முன்னே கரி வளையமாகப் படியும்; பின்னர் நெடிய உறை அவ்விடத்தே சிக்கும். குண்டின்மேல் பூசிய மெழுகும் அவ்வாறே இறுகும். தோட்டாவின்றி விசையை இழுத்துப் பழகினால், சில துப்பாக்கிகளில் ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பிசிறு எழுப்பும். அது உறையைக் கீறும்.

இவற்றைப் பிரித்தறிய உறையையே பார்த்தல் வேண்டும். நெடுகக் கீறலிருந்தால் அறைவாயில் பிசிறுண்டு. விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கி நன்றாகவே இழுத்தது. விடாமற் பிடித்தது அறையே. விளிம்பு பழுதின்றி இருக்க, கொக்கி மட்டும் வழுவினால், கொக்கியின் முனை மழுங்கியிருக்கும், அல்லது அதன் வில் தளர்ந்திருக்கும், அல்லது அது அமரும் பள்ளத்தில் அழுக்கு அடைந்திருக்கும். கரிவளையத்தைக் கரைப்பானும் செம்புக்கம்பித் தூரிகையும் நீக்கும். பிசிறை அராவி எடுத்தல் ஆகாது. தேர்ந்த வினைஞர் அதற்குரிய உருளைக் கருவியால் உலோகத்தைப் பழைய இடத்திற்கே அழுத்துவர். ஓர் எச்சரிக்கையும் உண்டு. வெற்றுறையாயின் வாய்ப்புறமிருந்து கோலிட்டு மெல்லத் தள்ளலாம். வெடிக்காத தோட்டா சிக்கியிருப்பின் கோலிடுதலும் கத்தியால் நெம்புதலும் கூடா. விளிம்பில் படும் ஓர் அடியே அதனை வெடிக்கச் செய்யும். குழலை ஆளில்லாத் திக்கில் நிறுத்தி, வல்லுநரை அழைத்தலே முறை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் பழமொழி. அறையின் குற்றத்திற்குக் கொக்கியை நொந்த வினைஞர்க்கும், ஒரு போரின் தோல்வி முழுவதையும் செப்புறையின்மேல் ஏற்றிய எழுத்தாளர்க்கும் அது ஒருங்கே பொருந்தும். சுட்டவுடன் நாம் காலடியில் விட்டுச் செல்லும் அச்சிறு உறையில், நூறாண்டு கழிந்தும் அழியாத சான்று பொறிக்கப்பட்டிருக்கிறது. குனிந்து அதனை எடுத்துப் பார்ப்பவர்க்கே பழுதின் மூலம் புலப்படும்.