எதிரியின் திரை

2002 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினத்தன்று, அந்நாட்டு ராணுவம் தானே தயாரித்த ஒரு கணினி விளையாட்டை இலவசமாக வெளியிட்டது. பெயர் 'அமெரிக்காஸ் ஆர்மி'. ஆள்சேர்ப்புக்கு உதவத்தான் இது என்பதை ராணுவம் மறைக்கவும் இல்லை. 'விளையாட்டுதானே, விட்டுத்தள்ளுங்க' என்று தாண்டிப்போக முடியாத ஓர் ஏற்பாடு அதற்குள் இருந்தது.

இணையம் வழியாக இரண்டு அணிகள் மோதும். ஒவ்வொருவர் திரையிலும் அவரவர் அணிதான் அமெரிக்கப் படை. எதிரே நிற்பது எதிரிப்படை. அந்த எதிரியின் திரையிலோ அவர் அமெரிக்கச் சிப்பாய், இவர் எதிரி. ஆக, யாருமே எதிரியாக விளையாடவில்லை. எதிரி என்கிற உடல் ஓடுகிறது, ஒளிகிறது, சாகிறது. அந்த உடலுக்குள்ளிருந்து உலகத்தைப் பார்க்க ஒரு கண் கிடையாது. 'மற்றமை' பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதை ராணுவத்தார் ஓர் இயந்திரத்துக்குள் இறக்கிவைத்துவிட்டார்கள். பார்க்கும் உரிமைதான் இங்கே தேச அடையாளமாகக் கட்டமைக்கப்படுகிறது.

2003இல் லெபனானின் ஹிஸ்புல்லா 'ஸ்பெஷல் ஃபோர்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. துப்பாக்கி இப்போது இஸ்ரேலியச் சிப்பாயை நோக்கித் திரும்பியது. ஒடுக்கப்பட்டவன் தன் கதையைத் தானே சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்று கொண்டாடத் தோன்றும். பாதி சரி. நாயகனின் முகமும் மொழியும் மாறின. எதிரே நிற்பவன் சுடப்படுவதற்காக மட்டுமே இருக்கிறான் என்கிற இலக்கணம் மாறவில்லையே!

2006இல் ஜோசப் டிலாப் என்ற அமெரிக்கக் கலைஞர் ராணுவத்தின் அந்த விளையாட்டுக்குள் நுழைந்தார். சண்டை போடாமல் நின்றபடி, ஈராக்கில் செத்த அமெரிக்கச் சிப்பாய்களின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார். அவரைச் சுட்டார்கள். அடுத்த சுற்றில் எழுந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். ஆட்டத்தில் செத்தவன் எழுந்துவிடலாம், பெயராக வந்தவன் எழமாட்டான். ராணுவம் எழுதிய பிரதி தன் சொந்தப் பிணங்களிடமே மாட்டிக்கொண்டது. ஆனால் கொல்லப்பட்ட ஈராக்கியருக்காக டிலாப் ஆட்டத்துக்கு வெளியே தனியொரு நினைவுத் திட்டம் தொடங்க வேண்டியிருந்தது. இதைத் தற்செயலாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

2022 மே மாதம் ராணுவம் அந்த விளையாட்டை மூடியது. அது பழக்கிவிட்ட பார்வையை மூட சுவிட்ச் கிடையாது. எழுதுகிற, இயக்கம் கட்டுகிற நம்மிடமும் கேட்கவேண்டியிருக்கிறது: நம் கதையில் எதிரியாக நிற்கிறவன், அவன் திரையில் யார்?