தடைக்கு முன்னால் கத்தரி: ரெனுவாரின் ‘ஆட்டவிதி’

ழான் ரெனுவாரின் ‘ஆட்டவிதி’ பற்றிப் பேச்செடுத்தால், “அரசாங்கம் தடை பண்ணிச்சு, படம் செத்துச்சு” என்று முடித்துவிடுகிறோம். தேதிகள் வேறு கதை சொல்கின்றன. படம் பாரிஸில் வெளியானது 1939 ஜூலை 7. தடை வந்ததோ போர் தொடங்கிய பிறகு, அக்டோபரில். அதற்குள் அதைத் தீர்த்துக்கட்டியவர்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போன கனவான்கள்தான். ஒருவர் செய்தித்தாளைக் கொளுத்தித் தியேட்டருக்கே தீவைக்கப் பார்த்தார் என்று ரெனுவார் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

இத்தனைக்கும் அது ஒரு காதல் கேளிக்கை. பிரபு, அவர் மனைவி, அவளைக் காதலிக்கும் விமானி, வேலைக்காரி, அவள் புருஷனான வேட்டைக்காவலன், அவள் பின்னால் சுற்றும் முயல் திருடன். ஒரு கிராமத்து மாளிகையில் ஆளாளுக்குத் துரத்திக்கொண்டு ஓடுகிறார்கள். பட முதலாளிகளின் தொல்லை வேண்டாமென்று தம்பியோடும் நண்பர்களோடும் சொந்தக் கம்பெனி வைத்து ரெனுவார் எடுத்த படம் இது. முதலாளி இல்லையென்றால் படைப்பாளி சுதந்திரமாகிவிடுகிறானா என்ன? கூச்சல் கேட்டதும் கத்தரியைத் தூக்கியவர் ரெனுவாரேதான். படம் 80 சொச்சம் நிமிடமாகச் சுருங்கியது. அவரே நடித்த ஒக்தாவ் பாத்திரம் பலமாக அடிபட்டது.

எது அவ்வளவு சுட்டது? பிரபுவாக மார்செல் தாலியோ என்ற யூதர் நடித்தது முக்கியக் காரணம் என்பது என் வாசிப்பு. படமும் அதை மூடி மறைக்கவில்லை. வேலைக்காரர்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எஜமானின் தாய்வழிப் பாட்டன் ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து வந்த ரோசந்தால் என்று பரிகசிக்கிறார்கள். சமையல்காரர் குறுக்கிடுகிறார்: வந்தேறிதான், ஆனா உருளைக்கிழங்கு சூடா இருக்கும்போதே வெள்ளை ஒயினை ஊத்தணும்னு தெரிஞ்ச மனுஷன்! எஜமானுக்கு நற்சான்று வழங்குவது அடுக்களை. வெறுப்பு மேலிருந்து கீழே மட்டுமே வடியும் என்கிற நம் சூத்திரத்துக்குள் இந்தக் காட்சி அடங்காது.

கடைசியில் வேட்டைக்காவலன் ஆள் மாறி விமானியைச் சுட்டுவிடுகிறான். பிரபு படிக்கட்டில் நின்று, அது வருந்தத்தக்க ‘விபத்து’ என்று விருந்தினருக்கு அறிவிக்கிறார். அவர்களும் தூங்கப் போகிறார்கள். அரங்கில் இருந்தவர்களுக்கு இதில் தங்கள் முகம் தெரிந்திருக்க வேண்டும்.

1942இல் நேசநாடுகளின் குண்டுவீச்சில் மூல நெகடிவ் அழிந்தது. கிடைத்த துண்டுகளைச் சேர்த்து, 106 நிமிடப் படமாக மீட்டு, 1959இல் வெனிஸில் காட்டினார்கள். தாலியோ 1940இலேயே நாட்டைவிட்டு ஓட வேண்டியிருந்தது. ‘யூதன் இப்படித்தான் இருப்பான்’ என்று நாஜிகள் அவர் முகத்தைச் சுவரொட்டியில் போட்டார்கள். பிரபுவாக நின்ற அதே மனிதர் ஹாலிவுட்டின் ‘காசாபிளாங்கா’வில் (1942) சூதாட்ட மேசையில் சக்கரம் சுற்றுகிறவராக வருகிறார்.