கழித்துக் கட்டிய கலை

வீடு கட்டத் தொடங்குகிறவர்கள் முதலில் போடுவது கூட்டல் கணக்கு. இத்தனை லோடு மணல், இத்தனை மூட்டை சிமென்ட், இத்தனை டன் கம்பி என்று பட்டியல் நீளும். அண்மைக் காலமாக அந்தப் பட்டியலின் அடியில் 'பசுமை' என்று ஓர் இனமும் சேர்ந்திருக்கிறது. மொட்டை மாடியில் சூரியத் தகடு, பால்கனியில் நான்கு தொட்டிச் செடி, ஐந்து நட்சத்திரக் குறியிட்ட ஏ.சி. என எல்லாவற்றையும் கட்டி முடித்த பிறகு மேலே தூவும் கொத்தமல்லித் தழை போலப் பசுமை ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறான ஒரு கணக்கை, நாகர்கோவிலிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள திருவனந்தபுரத்தில், செங்கல்லால் எழுதிக் காட்டிவிட்டுப் போனார் ஒருவர். அவர் லாரி பேக்கர். தமிழில் 'கழித்துக் கட்டுவது' என்றால் வேண்டாததென்று ஒதுக்கிவிடுவது. பேக்கர் அந்தத் தொடரை அதன் சொற்பொருளிலேயே நடத்திக் காட்டியவர். முதலில் கழித்தார், பிறகு கட்டினார். பசுமைக் கட்டடக் கலையின் பயன்கள் என்று நாம் இன்று அடுக்குகிறவை பெரும்பாலும் அந்தக் கழித்தலிலிருந்தே கிடைத்தன என்பதை அவருடைய கட்டடங்களைக் கொண்டே பார்க்கலாம்.

ஐந்து மைல் வட்டம்

பேக்கர் 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை பயின்றவர். குவேக்கர் நெறியைச் சேர்ந்தவராதலால் இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவ உதவிக் குழுவோடு சீனாவுக்குச் சென்றார். ஊர் திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் காத்திருந்தபோது காந்தியடிகளைச் சந்திக்கும் வாய்ப்புக் கிடைத்தது. ஒரு நல்ல வீடு, அது நிற்கும் இடத்தைச் சுற்றி ஐந்து மைலுக்குள் கிடைக்கும் பொருள்களாலேயே கட்டப்பட வேண்டும் என்ற காந்தியின் கருத்து பேக்கரின் வாழ்நாள் முழுவதற்கும் அளவுகோலாயிற்று.

1945இல் தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனைகள் அமைக்கும் பணிக்காக இந்தியா வந்தார். மருத்துவரான எலிசபெத் ஜேக்கபை மணந்து, இமயமலைப் பகுதியில் பித்தோராகரில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். படித்த படிப்பு அங்கே கைகொடுக்கவில்லை. மலைக்காரர்கள் கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்துக் குளிருக்கும் மழைக்கும் ஈடுகொடுக்கும் வீடுகளைக் கட்டியிருந்தார்கள். அவர்களே அவருக்கு இரண்டாவது கல்லூரி. 1963இல் கேரளத்தின் வாகமண்ணுக்கும் பிறகு திருவனந்தபுரத்துக்கும் குடிபெயர்ந்தார். 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2007இல் திருவனந்தபுரத்தில் காலமானார்.

ஐந்து மைல் என்பது வெறும் எளிமைப் பற்றா? இன்றைய அறிவியல் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஒரு கட்டடம் விளக்குக்கும் மின்விசிறிக்கும் செலவழிக்கும் ஆற்றல் ஒரு வகை. அது நிற்பதற்கு முன்பே சூளையிலும் ஆலையிலும் லாரியிலும் எரிந்துபோன ஆற்றல் இன்னொரு வகை. இதை உள்ளுறை ஆற்றல் என்பார்கள். முதல் வகையைப் பின்னாளில் சிக்கனத்தால் குறைத்துக்கொள்ளலாம். இரண்டாவது, கிரகப்பிரவேச நாளிலேயே செலவாகி முடிந்த கணக்கு.

சிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். சுண்ணாம்புக் கல்லை ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால்தான் சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் கிடைக்கும். எரிபொருள் கக்கும் புகை ஒருபுறமிருக்க, கல்லே வேதிமாற்றத்தில் தன்னுள் அடைபட்ட கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறது. உலை எவ்வளவு தூய்மையானதாக இருந்தாலும் அந்தப் பகுதி குறையாது. உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட்டால் வருகிறது. ஆகவே, ஒரு மூட்டை சிமென்ட்டைப் பயன்படுத்தாமல் விடுவதும் சூரியத் தகட்டைப் பொருத்துவது போலவே ஒரு பசுமைச் செயல்.

சுவருக்குள் ஒரு வெற்றிடம்

பேக்கர் கழித்தவற்றில் முதலாவது சுவரின் வயிறு. நம் கொத்தனார்கள் வழக்கமாகச் செங்கல்லைப் படுக்க வைத்துக் கட்டுவார்கள். பேக்கர் அதை விளிம்பில் நிறுத்திக் கட்டச் செய்தார். 'எலிப்பொறிக் கட்டு' என்று இதற்குப் பெயர். சுவரின் கனம் அதே ஒன்பது அங்குலம்தான். ஆனால் இரு முகங்களுக்கும் நடுவே வரிசையாகக் காலிக் குழிகள் விழும். நான்கு செங்கல் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ மூன்று போதும், கலவையும் குறையும். குழிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது; வெளிமுகம் வெயிலில் கொதித்தாலும் உள்முகம் தாமதமாகவே சூடாகும். பணத்தை மிச்சப்படுத்தும் அதே வெற்றிடம் வீட்டைக் குளிர்விக்கவும் செய்கிறது.

அடுத்து, பூச்சு வேலை. நன்றாகச் சுட்ட செங்கல்லைச் செம்மையாக அடுக்கினால் அதன்மேல் சிமென்ட் பூசி, பட்டி பார்த்து, வண்ணம் அடித்து மறைப்பானேன் என்பது அவர் கேள்வி. பூச்சைக் கழித்தால் அன்றைய செலவு மட்டுமா மிச்சம்? சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் வெள்ளையடிப்பும் வண்ணச் செலவும் அந்தக் கட்டடத்தின் ஆயுள் முழுதும் மிச்சம்.

தளத்திலும் இதே நுட்பம். கான்கிரீட் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. தளத்தின் மேற்பாதி அமுக்கத்துக்கும் கீழ்ப்பாதி இழுவைக்கும் உள்ளாகிறது. அந்த இழுவையைக் கம்பி பார்த்துக்கொள்கிறது. கீழே உள்ள கான்கிரீட்டின் பெரும்பகுதி கம்பியைப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பதுதான். பேக்கர் அந்தச் சும்மா இருக்கும் இடத்தில், கம்பிகளுக்கு இடையே, மங்களூர் ஓடுகளைச் செருகினார். தளத்தின் எடை குறைந்தது. அதனால் கம்பியும் குறைந்தது. ஓடுகளுக்கிடையே அகப்பட்ட காற்று கூரைச் சூட்டைத் தணித்தது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் ஓடுகளின் வரிசையே அலங்காரம். தனியே ஃபால்ஸ் சீலிங் எதற்கு?

ஜன்னலைக் கழித்தவர்

ஒரு சதுர அடிச் சுவரைவிட ஒரு சதுர அடி ஜன்னல் பல மடங்கு விலை. சட்டம், கதவு, கண்ணாடி, கம்பி, கொண்டி, கீல் எல்லாம் சேர்ந்த விலை அது. வெளிச்சமும் காற்றும் மட்டுமே வேண்டுமானால், சுவரில் ஆங்காங்கே செங்கல்லை விட்டுவிட்டால் போதும் என்று கண்டார் பேக்கர். இதுவே 'ஜாலி' எனப்படும் சல்லடைச் சுவர். வெயில் அதில் பட்டு உடைந்து, கண்ணைக் கூசாத மெல்லொளியாக உள்ளே விழும். காற்றோ நாள் முழுதும் புகுந்து வெளியேறும். திருவனந்தபுரம் தம்பானூரில் உள்ள இந்தியன் காபி ஹவுஸ் இதற்கு யாரும் போய்ப் பார்க்கக்கூடிய சான்று. சுருள்போல் ஏறிச்செல்லும் சரிதளம், அதன் ஓரமாகவே கட்டிவிட்ட மேசைகள், சுற்றிலும் துளைச் சுவர். காபி குடித்தபடியே கட்டடக் கலைப் பாடம் கேட்டுவிட்டு வரலாம்.

அதே நகரில் உள்ளூர் என்னும் பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையம் அவருடைய பெரும்படைப்பு. 1970களின் தொடக்கத்தில், பொருளியல் அறிஞர் கே.என்.ராஜ் அழைப்பின் பேரில் எழுந்தது. பத்து ஏக்கர் மேட்டு நிலம். வழக்கமாக அத்தகைய நிலத்துக்கு முதலில் வருவது மண்ணள்ளும் இயந்திரம்தான். பேக்கர் மேட்டை மேடாகவே விட்டார். கட்டடங்கள் சரிவோடு ஏறி இறங்குகின்றன, நின்ற மரங்களுக்கு வழிவிட்டு வளைகின்றன. வளைந்த சுவர் அவருக்கு அழகுக்கான ஆடம்பரமும் அன்று. நேர்ச்சுவரைவிட அது தானே உறுதியாக நிற்பதால் கனத்தைக் குறைக்கலாம். பின்னாளில் கட்டிய கணினி மையத்துக்கு இரட்டைச் சுவர் கொடுத்து, வெளிச்சுவரைத் துளைச் சுவராக்கி வெயிலை அங்கேயே தடுத்துவிட்டார்.

வெயிலின் கணிதம்

கழிக்க வேண்டிய பொருள்களில் நம் ஊருக்கு முதன்மையானது வெயில். இதற்குப் பணமே வேண்டாம். வரைபடத்தைத் திருப்பி வைத்தால் போதும். சென்னை ஏறத்தாழ 13 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான நண்பகல்களில் சூரியன் உச்சியிலிருந்து சுமார் 10 பாகைக்கு மேல் விலகுவதில்லை. ஆகவே கோடையில் வடக்கு, தெற்குச் சுவர்களுக்குச் சிறிய சன்ஷேடே காவல். மேற்கு அப்படியன்று. மாலை நான்கு மணி வெயில் தாழ்ந்து நேராக வரும். எவ்வளவு நீட்டிய சன்ஷேடும் அதைத் தடுக்காது. கட்டடத்தின் நீண்ட பக்கங்களை வடக்கையும் தெற்கையும் நோக்க வைத்து, மேற்கில் மாடிப்படியையோ குளியலறையையோ சாமான் அறையையோ ஒதுக்கி, அப்பால் ஒரு வேம்பை நட்டவர் வீட்டில் ஏ.சி.யின் வேலை பாதி தீர்ந்தது. கண்ணாடியால் மேற்கு முகத்தைப் போர்த்திவிட்டு உள்ளே டன் கணக்கில் குளிரூட்டுவதோ, அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு விசிறியால் வீசிக்கொள்வது போன்றது. அந்தக் குளிரின் மறுபக்கமான அனலைத் தெருவில் நடக்கிறவர் வாங்கிக்கொள்கிறார்.

நம் முன்னோர் வீடுகளிலும் இந்தக் கணக்கு இருந்தது. செட்டிநாட்டு வீட்டின் முற்றம் வெப்பக் காற்றை மேலே விட்டு, ஓட்டில் விழுந்த மழையைக் கீழே வாங்கியது. பழைய சென்னையின் 'மெட்ராஸ் டெரஸ்' தளமோ மரக்கட்டைகளின் மேல் சிறு செங்கற்களை நிறுத்தி, சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, தட்டோடு பதித்து முடித்தது. அதில் கம்பியும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. 2003இல் தமிழக அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் புதிதாக ஒன்றைத் திணித்ததாகத் தோன்றவில்லை. முற்றத்தோடு நாம் கைவிட்ட பழக்கம் சட்டமாகத் திரும்பி வந்தது என்றே சொல்லலாம்.

கூலியாக மாறிய சிமென்ட்

பசுமைக் கட்டடத்தின் பயன்களைப் பேசுவோர் பெரும்பாலும் மின்கட்டணத்தோடு நிறுத்திவிடுவார்கள். பேக்கர் இன்னொன்றையும் பார்த்தார். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கொடுக்கும் பணம் தொலைதூர ஆலைக்குப் போகிறது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் தச்சருக்கும் கொடுக்கும் கூலி அந்த ஊர் மளிகைக் கடைக்கே திரும்புகிறது. எலிப்பொறிக் கட்டுக்கும் சல்லடைச் சுவருக்கும் பொருள் குறைவு, கைத்திறன் மிகுதி. கட்டுமானச் செலவு குறையும்போதே தொழிலாளியின் பங்கு கூடுகிறது. இந்த நோக்கத்தைப் பரப்புவதற்கென்றே, கேரளத்தின் முன்னாள் முதலமைச்சர் சி.அச்சுத மேனனும் கே.என்.ராஜும் டி.ஆர்.சந்திரதத்தும் பேக்கரும் சேர்ந்து 1985இல் 'காஸ்ட்ஃபோர்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எலிப்பொறிக் கட்டுக்கு அளவொத்த நல்ல செங்கல் தேவை. கை பழகாத கொத்தனார் கட்டினால் குழிக்குள் கலவை நிரம்பிப் பயன் கெடும். மின்குழாய் எங்கே போகும் என்பதை முன்பே தீர்மானிக்காவிட்டால் பிறகு சுவரைக் கொத்த முடியாது. சல்லடைச் சுவர் காற்றோடு கொசுவையும் தூசியையும் அழைத்து வரும். சுட்ட செங்கல்லே வயலின் மேல்மண்ணையும் விறகையும் தின்பது. இதை அறிந்துதான் பேக்கர் மண் சுவர்களின் பக்கமும் கவனத்தைத் திருப்பி, அதைப் பற்றி எளிய கையேடு எழுதினார். பல மாடிக் குடியிருப்புக்குக் கான்கிரீட் சட்டகம் தவிர்க்க முடியாதது. அங்கேயும் வழி பிறந்திருக்கிறது: சுட்ட களிமண்ணையும் சுண்ணாம்புக் கல்லையும் கலந்து கிளிங்கரின் அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும் 'எல்சி3' சிமென்ட். சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்ட இந்திய நிறுவனங்களும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. உமிழ்வை 30 முதல் 40 விழுக்காடு வரை குறைக்கக்கூடியது.

சான்றிதழும் கேள்வியும்

2004இல் ஹைதராபாத்தில் சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தைக் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். அமெரிக்காவின் 'லீட்' தரச்சான்றில் உயர்ந்த பிளாட்டினம் நிலையை அந்நாட்டுக்கு வெளியே முதலில் பெற்ற கட்டடம் அது. பிறகு 'கிருஹா' என்னும் நம் நாட்டுத் தரமுறையும் 2007இல் ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பும் வந்தன. இவற்றின் நன்மையை மறுக்க முடியாது. அளந்து பார்க்கும் பழக்கத்தை இவை கொண்டுவந்தன. ஆயினும் மதிப்பெண் முறையில் ஒரு சிக்கல் உண்டு. பொருத்திய சாதனத்தை எளிதில் எண்ணிவிடலாம். கட்டாமல் விட்ட அறையை எப்படி எண்ணுவது? இடிக்காமல் காத்த பழைய வீட்டுக்கும், தேவையில்லை என்று நீக்கிய இரண்டாவது வரவேற்பறைக்கும் பாராட்டுப் பத்திரம் தருவாரில்லை.

ஆகவே இதை வாசிக்கும் பொறியாளர்களிடமும் வீடு கட்டவிருக்கும் அன்பர்களிடமும் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டுத் தாளில் 'அளவு', 'விலை' என்ற கட்டங்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு கட்டம் போட்டு, 'இது இல்லாவிட்டால்?' என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் நேரே விடை எழுதுங்கள். பெரும்பாலானவை தேவை என்றே தேறும். தேறாதவற்றை அடித்துவிடுங்கள். பேக்கர் தம் வரைபடங்களைப் பழைய கடித உறைகளின் பின்பக்கத்தில் வரைந்தவர் என்பார்கள். அந்தக் கட்டத்துக்கென்று தனித் தாள் வாங்க வேண்டியதில்லை.