மறைக்கும் திரையின் வரலாறு

எங்கள் வீட்டுக் கூடத்தில் என் பாட்டனாரும் பாட்டியாரும் அருகருகே அமர்ந்திருக்கும் படமொன்று நெடுங்காலமாக மாட்டப்பட்டிருந்தது. அவ்விருவரும் ஒருநாளும் அவ்வாறு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டதில்லை என்பதை நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் அறிந்தேன். பாட்டனார் காலமான பிறகு, புகைப்பட நிலையத்தார் ஒருவர் பாட்டியின் தனிப்படத்தையும், பாட்டனார் தம் அலுவலக நண்பர்களோடு நின்ற குழுப்படத்தின் ஒரு பிரதியையும் கத்தரித்து, ஓர் அட்டையில் ஒட்டி, அதை மீண்டும் படம் பிடித்துக் கொடுத்திருந்தார். கத்தரித்தவர் கை சற்றே வழுவிவிட்டது. பாட்டியின் ஒரு காதுத் தோடு பாதியாயிற்று. பாட்டிக்கு இருந்தது அந்த ஒரே படம். வெட்டிய துண்டோ குப்பைக்குப் போயிற்று.

வெட்டாமல் மறைக்க இயலாதா? மாணவ நண்பர்களே, இவ்வினாவுக்கு மனிதர் விடை தேடிய கதையையே இன்று உங்களுடன் பேச எண்ணுகிறேன். கணிப்பொறியில் படம் திருத்தும் உங்களில் பலர் ‘லேயர் மாஸ்க்’ என்னும் கருவியை அறிந்திருப்பீர்கள். கருவி புதிது, கருத்து மிகப் பழையது.

1850களில் ஒளிப்படக்காரர்களுக்கு வானம் பெருந்தொல்லையாக இருந்தது. அக்காலத்துக் கண்ணாடித் தகடு நீல ஒளியை மட்டுமீறி ஏற்றது. கடல் தெளிவாகப் பதியும் வரை காத்திருந்தால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். மேகத்தைப் பிடித்தால் கடல் இருண்டுவிடும். பிரான்சு நாட்டுக் குஸ்தாவ் லெ கிரே என்பவர், கடலுக்கு ஒரு தகடு, வானத்துக்கு ஒரு தகடு என இரண்டைத் தனித்தனியே எடுத்து, ஒன்றை அச்சிடும்போது தாளின் மறுபகுதியில் ஒளி படாமல் மறைத்து, இரண்டையும் ஒரே தாளில் இணைத்தார். இணைப்பு எங்கே? கடலும் வானும் கூடும் தொடுவானக் கோட்டில். கண் அங்கே ஒரு கோட்டை எதிர்பார்க்கிறது, ஆதலின் ஐயுறுவதில்லை. எத்துணை நுட்பமான அறிவு!

சுவீடனில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த ஆஸ்கர் ரெய்லாண்டர், 1857இல் முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே படமாக அச்சிட்டார். ‘வாழ்வின் இரு வழிகள்’ என்னும் அப்படத்தை விக்டோரியா அரசியார் விலைக்கு வாங்கினார். அதற்கு அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து தகடுகளைக் கொண்டு, நோயுற்று இறக்கும் நிலையிலுள்ள ஒரு பெண்ணின் படத்தை அமைத்தார். ஒளிப்படம் உண்மையைக் காட்ட வேண்டியதன்றோ, இது பொய்யன்றோ என்ற பூசல் அன்றே எழுந்துவிட்டது. இன்றும் அது ஓய்ந்தபாடில்லை.

திரைப்படத்தில் இம்முறையை விளையாட்டாக்கியவர் ஜார்ஜ் மெலியஸ். 1898இல் அவர் எடுத்த ஒரு சிறு படத்தில், ஒருவர் தம் தலையைக் கழற்றி மேசைமேல் வைக்கிறார், புதுத்தலை முளைக்கிறது, அதையும் கழற்றுகிறார். பின்புலம் கருமையாயின் படச்சுருளின் அப்பகுதியில் ஒன்றும் பதிவதில்லை. சுருளைத் திருப்பிச் சுற்றி, பதியாத அவ்விடத்தில் மறுமுறை படம் பிடிக்கலாம். கருமை என்பது இங்கே நிறமன்று. பின்னர் வருவதற்காக விட்டுவைத்த இடம். இக்கருத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் தமிழ்த் திரையுலகினர் ‘மாஸ்க் ஷாட்’ என்று வழங்கி வந்ததும் இம்முறையின் வழிவந்ததே. லென்சின் ஒரு பாதியை மறைத்து ஒருமுறையும், மறுபாதியை மறைத்து மறுமுறையும் எடுத்தால் ஒரே நடிகர் தம்முடனே பேசுவார்.

ஆனால் கத்தரியாயினும் கறுப்பு அட்டையாயினும் ஒரு குறை உண்டு. அது ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்னும் இரண்டையே அறியும். காற்றில் பறக்கும் மயிரிழையும் புகையும் மெல்லிய துகிலும் பாதி இருப்பவை, பாதி இல்லாதவை. அவற்றை எப்படி வெட்டுவது?

இதற்கு எண்ணால் விடை கண்டவர்கள் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் பணிபுரிந்த எட் காட்முல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும். கணிப்பொறிப் படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உள்ளன அல்லவா? 1970களின் பிற்பகுதியில் அவர்கள் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தனர். அப்புள்ளி எவ்வளவு மறைக்கிறது, எவ்வளவு ஊடுருவவிடுகிறது என்பதை அவ்வெண் சொல்லும். கலவைக்கான கணக்கு வாய்பாட்டில் கிரேக்க எழுத்தான ஆல்பா இருந்தமையால் அதற்கு ஆல்பா என்றே பெயரிட்டனர்.

கணக்கு எளியது. மேலடுக்கின் புள்ளி 200 அளவு ஒளியுடையது. கீழடுக்கின் புள்ளி 100. மேலடுக்கு காற்பங்கு மட்டுமே தெரியவேண்டும் எனில், 200இல் காற்பங்கு 50, 100இல் முக்காற்பங்கு 75, கூட்டினால் 125. இவ்வளவுதான்! இக்கலவைக் கணக்குகளை முறையாக வகுத்து, தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் 1984இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். இந்நால்வரின் பணிக்காக அமெரிக்கத் திரைப்பட அகாதமி 1996இல் அவர்களுக்குத் தொழில்நுட்ப விருது வழங்கியது.

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் விற்பனைக்கு வந்தது. அதன் மூன்றாம் பதிப்பில், 1994இல், அடுக்குகள் இடம்பெற்றன. ஓர் அடுக்கின்மீது கருமை முதல் வெண்மை வரையுள்ள ஒரு சாம்பல் படத்தைப் பூட்டுகிறோம், அதுவே மாஸ்க். 0 என்னும் கருமை இருக்குமிடத்தில் அடுக்கு முற்றிலும் மறையும். 255 என்னும் வெண்மையில் முழுதும் தெரியும். நடுவிலுள்ள சாம்பல்களில் அதனதன் அளவுக்கு ஊடுருவும். மெலியஸின் கருந்திரை நினைவுக்கு வருகிறதா? அழிப்பானால் அழித்த புள்ளிகள் போனவை போனவையே. மாஸ்கின் கருமையால் மறைத்தவையோ அப்படியே உள்ளன. வெள்ளைத் தூரிகையால் தடவினால் திரும்பி வரும்.

சில ஆண்டுகளுக்குமுன் அந்தப் பழைய குழுப்படத்தின் வெட்டப்படாத பிரதியொன்று உறவினர் வீட்டுப் பெட்டியில் கிடைத்தது. நான் அதனையும் பாட்டியின் வெட்டுண்ட படத்தையும் கணிப்பொறியில் ஏற்றி, கூடத்துப் படத்தைப் புதிதாக அமைக்க முனைந்தேன். பாட்டனாரைச் சுற்றிலும் கருமை தீட்டினேன். தோளின் ஓரத்தில் மட்டும் சிறிது சாம்பல். அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த என் தங்கை மகள், “மாமா, அந்த மாஸ்கைக் கொஞ்சம் எடுத்துவிடுங்களேன்” என்றாள். எடுத்தேன். பாட்டனாரின் இருபுறமும் அவருடைய நண்பர்கள் ஒன்பது பேர், தலைப்பாகையும் கோட்டுமாக, வரிசையாய் வந்து நின்றனர். ஒருவர் கை பாட்டனாரின் தோள்மேல் இருந்தது. எங்கள் கூடத்தில் அத்தனை ஆண்டுகள் அந்தக் கையை யாரும் கண்டதில்லை.

“பாட்டிக்கும் அப்படிச் செய்யுங்கள், தோடு வந்துவிடும்” என்றாள் அவள். பாட்டியின் அடுக்கைத் திறந்து காட்டினேன். காதோரத்தில் கத்தரி சென்ற கோடும், அதற்கு அப்பால் வெறும் வெண்மையும் இருந்தன.