சொப்பு முதல் சீர் வரை

பெரியகுளத்துக் கடைவீதியில் நடக்கிறோம். வராக நதிக்கு வடகரையாயினும் தென்கரையாயினும் பொம்மைக்கடையின் நீதி ஒன்றே! பெண் குழந்தைக்கு அடுப்பும் பானையும் கொண்ட சொப்பு. ஆண் குழந்தைக்குக் காரும் துப்பாக்கியும். அவளுக்கு இளஞ்சிவப்பு, அவனுக்கு நீலம்.

இயற்கையின் ஏற்பாடு என்பர். இயற்கையா? 1918-இல் அமெரிக்க வணிக இதழொன்று இளஞ்சிவப்பை ஆணுக்கும் நீலத்தைப் பெண்ணுக்கும் உரியதாக எழுதிற்று. பின்னர் வாணிபமே அதைத் தலைகீழாக்கிற்று. மாறியது இயற்கையன்று, விற்பனை!

சொப்பு வைத்து விளையாடியவள் வளர்கிறாள். 1975-இல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பு, வெளுத்தால்தான் வாழ்வு என்று அவளுக்குப் பாடம் நடத்திற்று. அப்பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கவே 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முடிவில் பாத்திரக்கடை! அண்டாவும் குத்துவிளக்கும் சீராக அடுக்கப்படுகின்றன. வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961-இலேயே வந்தது; சீர்வரிசை நிற்கவில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. தமிழகத்தில் அது சட்டமாக 1989 ஆயிற்று. அதிலும் முன்பே மணமான மகளுக்கு இடமில்லை; அத்தடையை அகற்றியது 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம்.

சட்டம் வயலில் பங்கு தருகிறது. வீடோ அண்டாவைக் காட்டி, "உன் பங்கு தீர்ந்தது" என்கிறது! மனு ஏட்டில் எழுதியதை வாணிபம் விலைச்சீட்டில் எழுதுகிறது.

தோழர்களே! மகளுக்குச் சீர் வாங்கப் புறப்படுமுன், அவள் பெயர் பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பேத்தியின் கையிலும் ஒரு காரைக் கொடுங்கள், ஓட்டட்டும்!